ஒன்பது நிமிடப் பாட்டு

டையின் முடிச்சு மூன்றாம் முறையும் கோணலாகத்தான் விழுந்தது. அக்கா அதை அவிழ்த்தாள், தன் கழுத்தில் கட்டிச் சரிபார்த்தாள், தளர்த்திக் கழற்றித் தம்பியின் தலை வழியாக மாட்டினாள். தகன மண்டபத்துக்காரர் அவன் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். உயிரோடு இருந்திருந்தால், “என்னக்கா, மாட்டுக்குக் கயிறு கட்டுற மாதிரி கட்டுற?” என்று கேட்டிருப்பான். நாற்பத்து மூன்று வருடத்தில் அவன் டை கட்டியது ஒரே ஒரு நாள்தான். அதுவும் லிப்ட் கம்பெனி நேர்முகத் தேர்வுக்கு.

டை பெரியப்பாவின் உத்தரவு. “ஆள் பாதி, ஆடை பாதி. கடைசியா நாலு பேரு பாக்குற கோலம், கௌரவமா இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வீட்டில் நல்லது கெட்டது எது நடந்தாலும் பிரம்பு இல்லாமலே வரிசையில் நிற்க வைத்துவிடுவார். அவர் சொல்லை மீறியவன் குடும்பத்திலேயே ஒருவன்தான். அவனைத்தான் இப்போது பெட்டிக்குள் கிடத்தியிருந்தார்கள்.

மூன்று நாளுக்கு முன், பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில் இருக்கும் மோட்டார் அறைக்குள் அவனுக்கு நெஞ்சு நின்றுபோனது. கீழே இருந்தவர்கள் லிப்ட் வரவில்லை என்று பட்டனை அழுத்தி அழுத்தித் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். சரிபார்க்கப் போனவன் இன்னும் இறங்கவில்லையே என்று யாருக்கோ தோன்றி மேலே ஏறிப் போனபோது நேரம் கடந்துவிட்டது. காதில் மாட்டியிருந்த ஒயரில் பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்ததாம். அதை மட்டும் அக்கா யாரிடமும் சொல்லவில்லை. ‘அந்தக் கண்றாவியைக் கேட்டுத்தான் செத்தான்’ என்று பேச ஆளா இல்லை?

“பாட்டு எது போடணும்னு சொன்னீங்கன்னா நல்லது” என்றார் மண்டபத்துக்காரர். “ஒரு பாட்டுதான். பாட்டு நின்னதும் நான் பட்டன அழுத்துவேன், திரை மூடி, பெட்டி தகனத்துக்குப் போயிரும். அதுக்கப்புறம் திறக்க மாட்டோம். முன்னாடியே சொல்லிடுறேன், சில பேரு அப்புறம் சண்டைக்கு வர்றாங்க.”

“இதுல இருக்கு” என்று தம்பியின் போனை நீட்டினாள். “மொதல்ல இருக்குறது.”

பெரியப்பா புல்லாங்குழல் போடச் சொல்லியிருந்தார். அவள் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, நேற்றுச் சாயங்காலம் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு தம்பியின் போனைத் திறந்தாள். அவன் அதிகம் கேட்ட பாட்டுகளின் பட்டியலில் முதலில் நின்றது ‘உப்பு ஆறு’. அவன் கேட்பதெல்லாம் காதைக் கிழிக்கும் கத்தல் பாட்டுகள் என்பதால் பயந்துகொண்டேதான் தட்டினாள். ஆனால் ஒற்றைக் கிதார் மெல்ல மெல்லச் சொட்டியது. ஒரு பெண் வார்த்தையே இல்லாமல் முனகினாள். ஒரு நிமிடம் கேட்டதும் நிறுத்தினாள். அடப்பாவி, இதையா கேட்டுக்கொண்டிருந்தாய்?

அவளுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. நான்கு மாதத்துக்கு முன் அவன் அவள் வீட்டுக்கு மண்டையோட்டுப் படம் போட்ட கறுப்புப் பனியனோடு வந்திருந்தான். வீட்டில் அவளுடைய மாமியார் வழி விருந்தாளிகள் இருந்தார்கள். “ஏழு கழுதை வயசாகுது, எப்பதான்டா வளருவ?” என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். அவன் சிரித்தான், தண்ணீர் குடித்தான், போய்விட்டான். அதற்குப் பிறகு வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை. கூப்பிடலாம், அடுத்த வாரம் கூப்பிடலாம் என்றே இருந்துவிட்டாள். இன்று அவனுக்குப் பிடித்த பாட்டையும் போட வேண்டும், அவனைப் பற்றி அம்மா காதில் ஒரு கெட்ட சொல்லும் விழக் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துச் செய்ய இப்படி ஒரு பாட்டு கிடைத்ததே என்று நினைத்தாள்.

அம்மா மூன்று நாளாக அழவும் இல்லை, பேசவும் இல்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள், படுக்கச் சொன்னால் படுத்தாள். அம்மா வீட்டில் இருபது வருடமாக அவளும் தம்பியும் மட்டும்தான். எந்நேரமும் மகனைக் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்த வாய் ஒரேயடியாக மூடிக்கொண்டதுதான் அக்காவைப் பயமுறுத்தியது.

நடைபாதைக்கு வந்தபோது தண்ணீர்க் குழாய் பக்கத்தில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். மூவரும் கறுப்புப் பனியன். சொந்தக்காரர்கள் நாலு அடி தள்ளியே அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவர் ரொட்டிக்கடைக்காரர், கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு, இடுப்பு வரை பின்னல். அடுத்தவர் பொய்ப்பல் செய்பவர், ஒல்லியாக, கண் சிவந்து. மூன்றாமவள் மழலையர் பள்ளி டீச்சர். விரலில் மண்டையோட்டு மோதிரம், பனியன் ஓரத்தில் ஏதோ பிள்ளையின் பசை ஒட்டியிருந்தது.

“நீங்கதான மொட்டையோட அக்கா?” என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

“மொட்டையா?”

“நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம்க்கா. கச்சேரில எல்லாரும் முடிய விரிச்சுப் போட்டுத் தலைய சுத்துவோம். முடியே இல்லாம சுத்துற ஒரே ஆளு அவன்தான். பக்கத்துல இருக்குறவன் மூஞ்சில விளக்கு வெளிச்சம் பட்டுப் பட்டுக் கண்ணு கூசும்.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நாளில் முதல் சிரிப்பு. உள்ளே போய் அத்தைமார் நடுவில் உட்காருவதற்கு இங்கேயே நிற்கலாம் போல இருந்தது.

“அவன் கடைசி வரைக்கும் ‘உலைக்களம்’தான் பெரிய பேண்டுன்னு சாதிச்சான்” என்றார் பல்காரர். “நான் ‘ஏழாம் சவுக்கு’ன்னேன். பதினோரு வருஷ சண்டை. இப்ப நான் யார்கிட்ட சண்டை போடுறது?”

“இப்பவாச்சும் விட்டுக் குடேன்யா” என்றாள் டீச்சர்.

“மாட்டேன். விட்டுக் குடுத்தா எந்திரிச்சு வந்து சிரிப்பான்.”

ரொட்டிக்கடைக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “அந்த மழைக் கச்சேரி ஞாபகம் இருக்கா? கரண்டு போயி, மைக்கு செத்து, பாடுறவன் மேடை ஓரத்துல வந்து உக்காந்துட்டான். நாங்களே பாடினோம். ஆறாயிரம் பேரு. மொட்டைதான் எடுத்துக் குடுத்தது. சுருதியாவது மண்ணாவது, ஆனா ஒரு வார்த்தை தப்பல.”

“கண்ணாடிக் கதைய சொல்லுங்க” என்றாள் டீச்சர். பிறகு அவளே சொன்னாள். “முன்னாடி ஒரே தள்ளுமுள்ளா இருக்கும்க்கா. யாரு பொருள் விழுந்தாலும், எடுத்தவங்க தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். சொந்தக்காரன் பாத்து வந்து வாங்கிப்பான். எங்க பழக்கம் அது. ஒரு தடவ மொட்டை கையில ஒரு மூக்குக் கண்ணாடி கிடைச்சுது. அவனுக்கு உசுரான பாட்டு அப்பதான் ஆரம்பிக்குது. தலையாட்டினா கண்ணாடி நசுங்கிரும்னு, பாட்டு முடியுற வரைக்கும் கையத் தூக்கிக்கிட்டு சிலை மாதிரி நின்னான். நடுவுல ஆட்டுடான்னு கத்தினோம். ‘போங்கடா, எங்க அக்கா கண்ணாடிக் கடையில இருக்கா. இது இல்லாதவன் படுற பாடு எனக்குத் தெரியும்’னான்.”

அக்கா பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை கூட்டத்துக்கு நடுவிலும் அவன் அவளை நினைத்திருக்கிறான். அவள் நாலு பேர் நடுவில் அவனை அவமானப்படுத்தினாள். அழுகை வந்தது, அடக்கவில்லை. டீச்சர் மோதிரக் கையால் அவள் முதுகைத் தடவினாள், வகுப்பில் தடவுகிற மாதிரியே.

“அவனுக்குப் பிடிச்ச பாட்டத்தான் இன்னைக்குப் போடப் போறோம்” என்றாள் அக்கா, முகத்தைத் துடைத்துக்கொண்டு. “உப்பு ஆறு.”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நல்ல அமைதியான பாட்டு” என்றாள் அக்கா.

“அக்கா” என்றாள் டீச்சர் மெதுவாக. “முழுசா கேட்டீங்களா?”

“ஒரு நிமிஷம் கேட்டேன். ஏன்?”

“அது மொத்தம் ஒம்போது நிமிஷம்” என்றார் பல்காரர். “மூணு நிமிஷம் வரைக்கும்தான் நீங்க சொல்ற மாதிரி. அதுக்கப்புறம்…” அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

அதற்குள் பெரியப்பா வாசலில் நின்று கைதட்டினார். “நேரமாச்சு, எல்லாரும் உள்ள வாங்க. நீ ஏம்மா அங்க நிக்குற?”

பெரியப்பா இரண்டு நிமிடம் பேசினார். அன்பானவன், தொழிலில் நேர்மையானவன், சில பழக்கவழக்கங்கள் எப்படி இருந்தாலும் உள்ளம் தங்கம். ‘சில பழக்கவழக்கங்கள்’ என்றபோது கடைசி வரிசையைப் பார்த்தார். அக்கா மண்டபத்துக்காரரின் கண்ணைத் தேடினாள். சைகை காட்டி நிறுத்திவிடலாம், புல்லாங்குழல் எதையாவது போடச் சொல்லலாம். அவர் பார்க்கவில்லை. கிதார் சொட்ட ஆரம்பித்துவிட்டது.

“எவ்ளோ இனிமையா இருக்கு” என்று அத்தை கண்ணைத் துடைத்தாள். பெரியப்பாவே தலையை லேசாக அசைத்து, “பரவால்ல, நல்ல ரசனைதான்” என்றார். அக்கா நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தில் நொடி முள் ஒரு சுற்று வந்தது, இரண்டாவது சுற்றும் வந்தது. எழுந்து போய் நிறுத்தச் சொன்னால் திரை மூடிவிடும். இத்தனை சீக்கிரம் அவனை அனுப்ப அவளால் முடியாது. உட்கார்ந்திருந்தால் அம்மா முன்னால் மானம் போகும். அம்மா பக்கத்தில் மடியில் கைகோத்துப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது சுற்று முடிந்ததும் கூரை இடிந்து விழுந்தது. அப்படித்தான் எல்லாரும் நினைத்தார்கள். முரசும் கிதாரும் ஒன்றாக இறங்கின. ஒருவன் அடிவயிற்றிலிருந்து கத்தினான். ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது, அத்தை “ஐயோ” என்று நெஞ்சில் கைவைத்தாள், முன்வரிசையில் ஒரு கைப்பை தரையில் விழுந்தது. பெரியப்பா எழுந்துவிட்டார். “நிறுத்து! யாரு இத போட்டது? செத்தவனுக்குக் குடுக்குற மரியாதையா இது? நிறுத்துங்கறேன்!”

மண்டபத்துக்காரர் அக்காவைப் பார்த்தார். மண்டபத்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். அவள் பாதி எழுந்தாள். அம்மாவின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது.

“உக்காரு” என்றாள் அம்மா.

மூன்று நாள் கழித்து வந்த சொல். அக்கா உட்கார்ந்தாள். பெரியப்பா இன்னும் ஏதோ கத்தினார், ஆனால் பாட்டுக்காரன் முன்னால் அவர் தொண்டை எடுபடவில்லை. வாய் மட்டும் அசைந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவரும் உட்கார்ந்தார். பின்வரிசையில் ரொட்டிக்கடைக்காரர் பின்னலை அவிழ்த்துவிட்டிருந்தார். மூவரும் எழுந்து நின்று மெதுவாகத் தலையை அசைத்துக்கொண்டிருந்தார்கள், முகமெல்லாம் நனைந்திருந்தது.

பிறகு, ஒரே வெட்டில், எல்லாம் நின்றது.

மண்டபம் காதடைத்துப் போயிருந்தது. யாரோ பெருமூச்சு விட்டார்கள். பெரியப்பா சட்டையை நீவிவிட்டு, “ஒருவழியா முடிஞ்சுது. ம், ஆகட்டும்” என்றார். மண்டபத்துக்காரர் தலைகுனிந்து பட்டனில் விரலை வைத்தார்.

“கைய எடுங்க” என்றாள் அம்மா.

குரல் பெரிதில்லை. ஆனால் எல்லாரும் திரும்பினார்கள்.

“பாட்டு நின்னுருச்சும்மா” என்றார் அவர் தயங்கி.

“நிக்கல. இங்க ஒரு மூச்சு வாங்குவாங்க. மறுபடி வரும்.”

“உனக்கு என்ன தெரியும்?” என்றார் பெரியப்பா.

“எனக்குத் தெரியாதா? இருவது வருஷமா வேலை விட்டு வந்ததும் போடுவான். நான் அந்தப் பக்கம் காய் நறுக்கிட்டு, சத்தத்தக் கொறடா, கொறடான்னு கத்துவேன்.” அம்மா பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஒரு நாளும் கொறச்சதில்ல.”

முரசு ஒன்று, தனியாக, எங்கோ தூரத்தில் விழுந்தது. அடுத்தது கொஞ்சம் பக்கத்தில் விழுந்தது. பின்வரிசையில் மூன்று பேரும் தலையாட்டுவதை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்தார்கள். கிதார் சேர்ந்துகொண்டது.

“இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு” என்றாள் அம்மா.

மண்டபத்துக்காரர் பட்டனிலிருந்து விரலை எடுத்துக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவர் இப்போது ஒலிபெருக்கியைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தபடி நின்றார்.