மண்ணாங்கட்டி

லலிதா மறுபடியும் செத்துப்போனாள். வங்கியின் பின்னறையில், மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே எதிரில் வைத்துக்கொண்டு, காதில் ஹெட்போனுடன் உட்கார்ந்திருந்தாள். கைபேசித் திரையில் நீல அங்கி போட்ட பெண்ணொருத்தி ஒரு பனிக்கரடியின் காலடியில் மல்லாந்து கிடந்தாள். அந்த நீல அங்கிக்காரிதான் லலிதா.

"அம்மா, ஹீல் பண்ற ஆளு ஏன் நடுவுல போய் நின்ன?" காதுக்குள் அம்முவின் குரல் கேட்டது.

"உனக்கு ரத்தம் கொறஞ்சுட்டே வந்துச்சு கண்ணு. பாத்துட்டுச் சும்மா நிக்கச் சொல்றயா?"

"அரே, அது ரத்தம் இல்லம்மா. ஹெல்த் பார். நீ தள்ளி நின்னாத்தான் எல்லாரும் பொழைப்போம்."

அந்தச் சிவப்புக் கோட்டை ரத்தம் என்றல்லாமல் வேறெதுவாகவும் லலிதாவால் பார்க்க முடியவில்லை. பொங்கல் முடிந்த கையோடு அம்முவின் கைகால்களில் காரணமில்லாமல் நீலத் திட்டுகள் வர ஆரம்பித்தன. பல் துலக்கினால் ரத்தம் நிற்கவில்லை. கல்லூரிப் படிக்கட்டில் மயங்கி விழுந்த பிறகுதான் தெரிந்தது, அவளுடைய எலும்பு மஜ்ஜை ரத்தம் உண்டாக்குவதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டது என்று. பிறர் கொடுத்த ரத்தத்தை ஏற்றி ஏற்றி வண்டி ஓடிக்கொண்டிருந்தது. இப்போது கிருமி அண்டாத தனியறையில், கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாள். சாயங்காலம் கொஞ்ச நேரம் மட்டும் கவுனும் முகமூடியும் போட்டுக்கொண்டு ஒருவர் உள்ளே போகலாம். மற்ற நேரத்தில் கண்ணாடிக்கு வெளியே நின்று, சுவரில் மாட்டியிருந்த தொலைபேசியில் பேசிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த விளையாட்டை லலிதாவின் கைபேசியில் ஏற்றியது அம்முதான். "நீ ஃபோன் பண்ணா ரெண்டே கேள்விதான் கேக்கற. சாப்டியா, ஜுரம் இருக்கா. அதுக்கு இத வெளையாடு, கூடவே இருந்த மாதிரி இருக்கும்" என்றாள். நீர், நெருப்பு, காற்று, கல், மின்னல், பனி என்று ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பூதம் உண்டு. ஒன்றோடொன்று சேரும்போதுதான் பலம். நீர் நனைத்த இடத்தில் மின்னல் விழுந்தால் எதிரிகள் வரிசையாகச் சுருண்டு விழுவார்கள். பனியில் விழுந்தால் வெடித்துச் சிதறும். யாரை யாரோடு சேர்ப்பது என்பதில்தான் அம்முவின் மூளை முழுவதும் இருந்தது. ஆரம்பத்தில் லலிதா, எல்லோருமே காயம் ஆற்றுகிறவர்களாக இருந்துவிட்டால் என்ன என்று கேட்டாள். அம்மு சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்துவிட்டாளாம். "அப்புறம் யாரும்மா அடிக்கறது? சாகாம நின்னுட்டே இருந்தா ஜெயிச்சதா அர்த்தமா?"

அம்மு மின்னல், லலிதா நீர். மூன்றாவதாக, எல்லோருக்கும் முன்னால் நின்று கேடயம் பிடிக்கும் கல் பாத்திரத்தை ஆட ஒருவர் வருவார். மண்ணாங்கட்டி என்று பெயர் வைத்திருந்தார். "கல்லு மத்ததோட அவ்ளோவா சேராதும்மா. ஆனா அது இல்லேன்னா நாம ரெண்டு பேரும் காலி" என்றாள் அம்மு. யார் அது என்றதற்கு, கோயமுத்தூர் ஃப்ரெண்ட் என்றாள். அந்த ஆள் பேசுவதில்லை, எப்போதாவது எழுதுவதோடு சரி. லலிதாவுக்குக் கோயமுத்தூர் என்றதுமே ஓர் ஒட்டுதல் வந்துவிட்டது. கல்லூரிப் பையன் என்று நினைத்து, "தம்பி, இன்னுங் கொஞ்சம் முன்னால நில்லு" என்று எழுதுவாள். ஒருநாள் மதியம், "சாப்டாச்சா தம்பி?" என்றும் எழுதினாள். வெகுநேரம் கழித்து, "ஆச்சுங்க" என்று பதில் வந்தது.

மாற்று மஜ்ஜை வைத்தால்தான் அம்மு பிழைப்பாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது. லலிதாவின் மஜ்ஜை பாதி பொருந்தியது. கொடுத்துவிடலாம் என்று இருந்தபோது இன்னொரு பரிசோதனை வந்து கெடுத்தது. அத்தனை பேருடைய ரத்தத்தை ஏற்றியதில், லலிதாவினுடையதை எதிர்க்கும் ஏதோ ஒன்று அம்முவின் உடம்பில் உருவாகியிருந்தது. வைத்தால் உடம்பே அதை விரட்டிவிடும் என்றார் டாக்டர். அன்று லலிதா ஸ்கூட்டரை எடுக்காமல் ஹடப்சரில் இருந்த வீடு வரை பஸ்ஸில் வந்தாள். பெற்ற பிள்ளையின் உடம்பு தன்னை வேண்டாம் என்கிறது என்பதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

மிச்சம் இருந்தது ஒருவர்தான். அவர் பெயரை டாக்டரிடம் சொல்ல லலிதாவுக்கு வாய் வரவில்லை. வெளிநாட்டுப் பதிவேடுகளில் தேடச் சொல்லியிருந்தாள். அடுத்த வாரம் டாக்டர் கூப்பிட்டு, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார். "உங்க ஹஸ்பெண்ட் வந்து டெஸ்ட் கொடுத்துட்டுப் போனாரே, ரிப்போர்ட் வந்துடுச்சு. அவரோடத அம்மு உடம்பு எதிர்க்கல. ஹி இஸ் ஃபிட். தேதி வெச்சுடலாம்."

லலிதா நேராகக் கண்ணாடிக்கு வந்து தொலைபேசியை எடுத்தாள். உள்ளே, தலையில் துணித் தொப்பியோடு அம்மு எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்பாவ யாரு கூப்பிட்டது?"

"நான்தான்."

"என்னைய ஒரு வார்த்த கேக்கோணும்னு தோணல?"

"கேட்டா நீ வேண்டாம்னு சொல்லிருப்ப. வேற ஆள் தேடலாம்னு சொல்லிருப்ப." பயந்துபோனால் அம்முவுக்கு ஹிந்தி வந்துவிடும். "மேரே பாஸ் டைம் நஹி ஹை, மம்மி. எனக்கு டைம் இல்ல."

லலிதா கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டாள். அம்மு தலையைக் குனிந்தபடி மீதியையும் சொன்னாள். "இன்னொண்ணு. மண்ணாங்கட்டி… அது அப்பா."

ஜெகதீசன் சண்டை போட்டுக்கொண்டு போனவரல்ல. போட்டிருந்தால் லலிதாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஹிஞ்சேவாடியில் பார்த்த கம்ப்யூட்டர் வேலை போனதும் அவர் பேசுவதைக் குறைத்தார். வீட்டிலிருந்தபடியே வீட்டில் இல்லாமல் ஆனார். அண்ணனுடைய மோட்டார் பம்ப் பட்டறையில் கொஞ்ச நாள் கூடமாட இருந்துவிட்டு வருகிறேன் என்று ஒரு பையோடு கோயமுத்தூர் கிளம்பினார். அம்முவுக்கு அப்போது பத்தாம் வகுப்புப் பரீட்சை. அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தவர் பிறகு அதைச் சொல்வதையும் விட்டார். வேறு பெண்ணா, குடியா என்று கேட்ட உறவுக்காரர்களிடம் இரண்டும் இல்லை என்று சொல்ல லலிதாவுக்கு வெட்கமாக இருந்தது. ஒரு காரணமும் இல்லாமல் ஒருத்தர் விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்றால் என்ன அர்த்தம்?

அந்த ஆளைத்தான் இத்தனை நாளாக முன்னால நில்லு தம்பி என்று ஏவிக்கொண்டிருந்திருக்கிறாள். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து லலிதா அந்த விளையாட்டைத் திறக்கவில்லை.

பழைய மஜ்ஜையை அழிக்கும் மருந்துகள் ஏற ஆரம்பித்ததும் அம்முவும் திறக்கவில்லை. வாயெல்லாம் புண். எச்சில் விழுங்கவே அழுதாள். பேச்சு நின்று போயிற்று. நர்ஸ் ஒரு வெள்ளைப் பலகையும் பேனாவும் கொடுத்திருந்தாள். வெள்ளிக்கிழமை லலிதா போனபோது அம்மு பலகையில் நெடுநேரம் எழுதிக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள். தமிழை அவள் ஆங்கில எழுத்தில்தான் எழுதுவாள். கரடி ஞாயித்துக்கிழமையோட கேம்லேந்து போயிடும். நீயும் அப்பாவும் அடிங்க. ப்ளீஸ்.

லலிதா தொலைபேசியை எடுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மு பலகையை மார்பில் கவிழ்த்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள்.

ஞாயிறு மதியம் ஆஸ்பத்திரி கேன்டீனில் கூட்டமில்லை. வெளியே மழை. மஜ்ஜை கொடுக்கக் கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த ஜெகதீசன் மூலை மேஜையில் இருந்தார். முன்தலை முழுக்க நரைத்திருந்தது. உட்காருமுன் மேஜையைத் தன் கைக்குட்டையால் ஒருமுறை துடைக்கும் வழக்கம் மட்டும் அப்படியே இருந்தது. லலிதா அவரைத் தாண்டிப் போய், ஜன்னலோரத்தில் வேறொரு மேஜையில் உட்கார்ந்து விளையாட்டைத் திறந்தாள். மண்ணாங்கட்டி ஏற்கெனவே உள்ளே காத்திருந்தார்.

ஒருவரையொருவர் பார்க்காமல் ஆடினார்கள். கல் முன்னால் நின்றது, நீர் பின்னால் நின்று ஆற்றியது. கரடி அறைந்தது. கேடயம் விரிசல் விட்டது, மறுபடி எழுந்தது. இருவரும் சாகவில்லை. ஆனால் கரடியும் சாகவில்லை. அடிக்கிற கை இல்லை. நேரம் முடிந்து திரை கறுத்தது. மறுபடி ஆடினார்கள். மறுபடியும் அப்படியே. இப்படியே நாள் முழுக்க ஆடலாம், ஒன்றும் ஆகாது என்று லலிதாவுக்குப் புரிந்தது. அம்மு அவளுக்கென்று ஒரு மின்னல் பாத்திரத்தை வளர்த்து வைத்திருந்தாள், "ஒருநாள் நீயும் அடிக்கணும்" என்று சொல்லி. லலிதா அதைத் தொட்டதே இல்லை. அதை எடுத்தால் ஆற்ற ஆளிருக்காது.

எழுந்து மூலை மேஜைக்குப் போனாள். ஜெகதீசன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி அரைகுறையாக எழுந்தார்.

"நீர் எடுக்கலீங்க. மின்னல் எடுக்கறேன்" என்றாள் லலிதா. "யாருக்காச்சும் அடி பட்டா ஆத்த ஆளில்ல."

"சரி."

"பாதில போயிட மாட்டீங்களே?"

அவர் கைக்குட்டையை எடுத்து, ஏற்கெனவே துடைத்த மேஜையை மறுபடி துடைத்தார். மழைச் சத்தம் கேட்டது. "மாட்டேன் லலிதா" என்றார். பிறகு தலை நிமிராமல், "அன்னிக்குச் சாப்டாச்சான்னு கேட்டயே. நான் சாப்பிட்டிருக்கல" என்றார்.

லலிதா எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அவரை மன்னித்துவிட்டதாக அவளுக்குத் தோன்றவில்லை. அம்மு எழுந்து வந்த பிறகு இவரோடு தீர்க்க வேண்டிய கணக்கு ஒரு மலையளவு இருக்கிறது என்றுதான் தோன்றியது. ஆனால் அவர் போனவர் மட்டுமல்ல, பம்ப் பட்டறையின் இரைச்சலுக்கு நடுவே தினமும் வந்து கரடியிடம் அறை வாங்கிக்கொண்டு நின்றவரும்தான் என்பதும் தோன்றியது. இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது எரிச்சலாக இருந்தது.

இந்தமுறை அவள் தள்ளி நிற்கவில்லை. கல்லின் தோளை ஒட்டி நின்று அடித்தாள். பனியில் மின்னல் விழுந்து வெடித்தபோது திரை வெளுத்துப்போனது. கரடியின் சிவப்புக் கோடு முதன்முறையாகப் பாதிக்குக் கீழே இறங்கியது. "வருது, வருது, எனக்குப் பின்னால வா" என்றார் ஜெகதீசன். அவர் குரலை இவ்வளவு பக்கத்தில் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று யோசிக்க அவகாசமில்லை. பின்னால் போனாள். கரடியின் அறை கேடயத்தின் மேல் விழுந்தது. அடுத்ததில் கேடயம் உடைந்தது. அதற்கடுத்தது அவர் மேலேயே விழுந்தது. அவர் நகரவில்லை. மண்ணாங்கட்டி முட்டி போட்டு, குப்புற விழுந்தார்.

"அடி, நிக்காதே" என்றார் இந்தப் பக்கத்திலிருந்து.

லலிதா பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். கரடி சரிந்தபோது அவளுடைய சிவப்புக் கோட்டில் ஒரு நூலளவு மிச்சமிருந்தது. கேன்டீன் பையன் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம் போட்டிருந்தாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஜெகதீசன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு டீ சொல்லிவிட்டு லலிதா மேலே போனாள்.

பதிவான காட்சியைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்துக் காட்டினாள். அம்மு படுத்தபடியே இமைக்காமல் பார்த்தாள். முடிந்ததும் பலகையை எடுத்து ஒரு வரி எழுதினாள். சூப்பர். ஆனா கரடியோட ஒரு அடிக்குக்கூட நீ விலகல மா. புண்ணான வாய் வலிக்காத அளவுக்கு, உதட்டின் ஒரு ஓரத்தை மட்டும் அசைத்துச் சிரித்தாள்.

மஜ்ஜை எடுக்கும் நாள் காலையிலேயே ஜெகதீசனை மயக்கத்தில் ஆழ்த்தி இடுப்பெலும்பில் ஊசிகளை இறக்கினார்கள். மதியம் அதை அம்முவுக்கு ஏற்றினார்கள். பார்க்க ரத்தப் பை மாதிரியேதான் இருந்தது, நிறம் இன்னும் கொஞ்சம் கருத்து. இவ்வளவுதானா என்று லலிதா நினைத்தாள். இது பிடிக்குமா பிடிக்காதா என்பது தெரிய வாரங்கள் ஆகும், அதுவரை ஒன்றும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

பின்னால் காலை இழுத்து நடக்கும் சத்தம் கேட்டது. வார்டிலிருந்து ஜெகதீசன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். லலிதா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஒக்காருங்க."

"ஒக்கார முடியல. நிக்கறேன்."

லலிதாவும் உட்காரவில்லை. நாற்காலி இருவருக்கும் நடுவில் காலியாகக் கிடந்தது. உள்ளே அம்மு தூங்கிக்கொண்டிருந்தாள். பை சுருங்கிச் சுருங்கி வெறும் தோலானது. மராட்டிக்கார நர்ஸ் அதை இறக்கிவிடவில்லை. ஒரு ஊசிக்குழாயால் அதற்குள் உப்புநீரைச் செலுத்தி, இரண்டு கைகளாலும் பிடித்து, குழந்தையின் பால் புட்டியைக் கலக்குவது போல மெதுவாகக் குலுக்கினாள். ஓரங்களில் ஒட்டியிருந்ததெல்லாம் கரைந்து குழாயில் இறங்கிற்று. மறுபடியும் நீர் விட்டுக் குலுக்கினாள். கருஞ்சிவப்பாக இறங்கிக்கொண்டிருந்தது வெளுத்து ரோஜா நிறமாயிற்று. பிறகு அதுவும் வெளுத்து, ஒரு சொட்டுகூட வீணாகாமல், வெறும் தண்ணீராக அம்முவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.