கைநிழலுக்கு வரும் மீன்

அன்று காலை அறைக்குள் இருந்தவர்கள்: மேசையில், லப்டொப்புக்கு முன்னால், என் தங்கச்சி ரூபிகா. யாரும் தள்ளிக்கொண்டு வந்துவிடக் கூடாதென்று கதவில் சாய்ந்தபடி அம்மா. சீலைத் தடுப்புக்குப் பின்னால் கட்டிலில் நான், சாரங்கன். லப்டொப்புக்குள், அவுஸ்திரேலியாவிலிருந்து, நரைத்த தலையோடு ஒரு பெண்ணும் ஒரு தாடிக்காரரும்.

வெள்ளவத்தையில் எங்களுக்கு இருப்பது ஒன்றரை அறை. அரை அறையில் சமையல். இன்டர்நெட் ஒழுங்காக எடுப்பது என் கட்டில் கிடக்கும் யன்னலோரத்தில் மட்டும்தான், அதனால் மேசையும் அங்கேதான். எனக்கு ஹெந்தளையில், அலங்கார மீன் ஏற்றுமதி செய்யும் இடத்தில், இரவு வேலை. மீனைப் பையில் விட்டு, ஒட்சிசன் அடித்து, றப்பர் போட்டுக் கட்டுவது. காலையில் வந்துதான் படுப்பேன். ரூபிகா படித்த அதே விலங்கியலை நானும் இரண்டு வருஷம் படித்துவிட்டு இடையில் விட்டவன். ஏன் என்று கேட்டால் அலுத்துப்போச்சு என்பேன். உண்மையும் அதுதான்.

ரூபிகாவுக்கு இது மூன்றாவது நேர்முகம். முந்திய இரண்டு பல்கலைக்கழகங்களும் கலாநிதிப் படிப்புக்கு இடம் தந்தன, உதவித்தொகை தரவில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு அது இடமே தராததுபோலத்தான். இந்தப் பல்கலைக்கழகத்தில் படிப்பு, சாப்பாடு, ஆறுகளுக்குப் போய்வரும் செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. எடுப்பது ஒரே ஒரு ஆளை. அவள் எழுதிக் கொடுத்த திட்டம் புலத்ஹபயா பற்றியது. எங்கள் தென்மேற்கு ஓடைகளில் மட்டும் இருக்கும் விரல் நீள மீன். ஆண் மீனின் முகம் வெற்றிலை போட்ட வாய்போலச் சிவக்கும், சிங்களப் பெயரும் அதைத்தான் சொல்கிறது. அதைத் தொட்டியில் பெருக்கி, அது அற்றுப்போன ஓடைகளில் திரும்பவும் விடுவதுதான் திட்டம்.

நேர்முகம் வெள்ளிக்கிழமை பத்தரைக்கு. ராகுகாலம் தொடங்குவதும் பத்தரைக்குத்தான். நேரத்தை மாற்றச் சொல்லி எழுது என்று அம்மா மூன்று நாள் பிடிவாதமாக நின்றார். ரூபிகா மறுத்துவிட்டாள். கடைசியில், பத்து இருபதுக்கே உள்ளே போய் இருந்துவிட்டால் ராகுகாலத்துக்கு முந்தித் தொடங்கினதாக ஆகிவிடும் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

பத்து இருபதுக்கு அவள் பொத்தானை அழுத்தினாள். "இன்னும் ஒருத்தரும் வரேல்ல" என்றாள். நான் சாரமும் பெனியனுமாக அவளுக்குப் பின்னால் நடந்து கட்டிலுக்குப் போனேன்.

"மீன் மணக்குது, அண்ணா."

"மீன் படிக்கிறவளுக்கு வேற என்ன மணக்கும்?"

"போய் நித்திரை கொள்ளுங்கோ."

"உன்ர மீன் கையைக் கண்டா மேல வரும். சாப்பாடு போட்ட கையெல்லோ. கொக்குக்குப் பந்தி வைக்கப் போறாய்."

"நல்ல காரியத்துக்கு இருக்கேக்க அவளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லன்ரா" என்றார் அம்மா.

"கொக்குக்கு நல்ல வார்த்தைதான்."

சீலையை இழுத்துவிட்டுப் படுத்தேன். நித்திரை வரவில்லை.

முதல் கால் மணித்தியாலம் நன்றாகப் போனது. பிறகு அந்தப் பெண் கேட்டார்: "தொட்டியில் பிறந்த இரண்டாயிரம் மீனை ஓடையில் விடப் போகிறீர்கள். அவை ஏன் பிழைக்க வேண்டும்?"

இதற்கு ரூபிகாவிடம் மனப்பாடமான பதில் இருந்தது. நீரின் தரம், மரநிழல், ஓட்டம். ஒரு கிழமையாக என் நித்திரையைக் கெடுத்துச் சொல்லிச் சொல்லி எனக்கும் பாடம். முதல் வரியைச் சொன்னாள். நிறுத்தினாள். அம்மாவின் காப்பு கதவில் தட்டுப்பட்டது.

"எனக்குத் தெரியாது" என்றாள், ஆங்கிலத்தில். "பெரும்பாலானவை பிழைக்காது என்று நினைக்கிறேன். தொட்டி மீன் கைநிழலைக் கண்டால் மேலே வரும். ஓடை மீன் அடிக்குப் போகும். இது என் அண்ணா சொன்னது. அவர் மீன் பொதி செய்கிறவர்."

"சற்று முன் உங்களுக்குப் பின்னால் போய்ப் படுத்தவரா?" என்றார் தாடிக்காரர். "நாங்களும் நேரத்தோடு வந்துவிட்டோம். கமராவைத்தான் போடவில்லை."

அம்மா நெற்றியில் கைவைத்தார். நான் சீலையை விலக்கினேன்.

"நான்தான்."

எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். சொன்னேன். ஓடையில் பிடித்த மீனைப் பண்ணை மீன் என்று சிலர் கொண்டுவருவார்கள். எங்கள் முதலாளி, கொட்டாஞ்சேனை ஸ்ரான்லி, சட்ட வம்பு வேண்டாமென்று அதை எடுப்பதில்லை. தொட்டிக்கு மேல் கையைப் பிடித்துப் பார்த்து, எது ஓடை மீன், எது பண்ணை மீன் என்று நான் சொல்ல வேண்டும்.

"அந்தப் பழக்கத்தை மாற்ற முடியுமா?" என்றார் அந்தப் பெண்.

"பண்ணை மீனில் நாற்பதைப் பிரித்து, தொட்டியைப் பலகையால் மூடி, குழாய் வழியே அடியில் சாப்பாடு விட்டேன். மூன்று கிழமைக்குப் பிறகும் மேலே வந்தது பதினொன்று. அதுகள் திருந்தாதவை."

"எதற்காகச் செய்தீர்கள்?"

"லொறி பிந்தும். சும்மா இருக்க ஏலாது."

"எழுதி வைத்தீர்களா?"

"தொட்டிக் கண்ணாடியில். கழுவிவிட்டார்கள்."

ரூபிகா திரும்பினாள். "இதை ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"நீ கேக்கேல்ல."

அவள் மறுபடி லப்டொப்பைப் பார்த்தாள். "ஒரு மீனைக்கூட வெளியில் விட முதல் நான் இதைத் திரும்பச் செய்வேன். நானூறு மீனில். தொட்டிகளில் பாதியை மூடாமல் விட்டு, ஒப்பிட்டுப் பார்க்க." அந்தப் பெண் எழுதிக்கொண்டிருந்தார்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. முழு உதவித்தொகை. முதல் நாலு மாதச் சோதனையைக் கொழும்பிலேயே செய்யலாம். முந்தித் தொடங்கினதால்தான் கிடைத்தது என்றார் அம்மா. பத்து இருபதுக்குப் போயிராவிட்டால் அவர்கள் என்னைக் கண்டிருக்க மாட்டார்கள். அதுவும் சரிதான்.

ஸ்ரான்லி எட்டுத் தொட்டி ஒதுக்கினார். "மீன் செத்தா உன்ர தங்கச்சியைத்தான் பையில போட்டு அனுப்புவன்" என்றார். கட்டுரையில் உங்கள் பெயரையும் போடவா என்று ரூபிகா கேட்டாள். போடு என்றேன். திரும்பப் படிப்பீங்களோ என்றாள். இல்லை என்றேன். அதோடு விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு நான் வேலை முடிந்து வர, அவள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றாள். தொட்டி அறைத் திறப்பைக் கொடுத்தேன்.

"வெறுங்கையைத் தொட்டிக்கு மேல நீட்டாதை. குழாயால போடு."

"தெரியும்."

"பின்னேரம் நீயும் மணப்பாய்."

"அதுக்குத்தானே சல்லி தருகினம்" என்றாள், படியிறங்கிக்கொண்டே.

யன்னலோரம் இனி பகல் முழுக்க என்னுடையது. யாரும் வந்து என்னை எழுப்பாதபடி அம்மா கதவைச் சாத்தி, திறப்பை இரண்டு தரம் திருப்பினார்.