மதினிக்கு ஒரு கிண்ணம் டோஃபு

செல்வதுரை மலாயாவிலிருந்து கண்ணும் கருத்துமாகக் கொண்டுவந்த பயற்றை அவன் மதினி சூசையம்மாள் விதைத்துவிட்டாள்.

அவளைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? திருச்சுழிப் பக்கத்துக் கரிசலில் பிறந்து கரிசலிலேயே வாழ்க்கைப்பட்டவள். வெளியூர் போய்த் திரும்புகிறவர்கள் அங்கே விளைந்ததில் ஒரு கைப்பிடி விதை கொண்டுவருவது அந்தப் பக்கத்து வழக்கம். அதை ஆக்கித் தின்றுவிட்டால் விதைதின்னிக் குடும்பம் என்று பேராகிவிடும். இவனோ வந்து இறங்கியதும் ஒரு துணிப்பையையும், கறுப்பாக ஏதோ தண்ணீர் இருந்த ஒரு சீசாவையும் அடுப்படி மூலையில் வைத்துவிட்டுக் காய்ச்சலில் சுருண்டு படுத்துவிட்டான். சீசாவில் இருப்பது காய்ச்சல் மருந்து என்று நினைத்து, பக்கத்து வீட்டுப் பேச்சி அவன் வாயில் ஒரு கரண்டி ஊற்றவே பார்த்தாள். நல்லவேளையாகச் சூசையம்மாள் முகர்ந்து பார்த்துவிட்டுத் தடுத்தாள்.

பையை அவிழ்த்தால் உருண்டையாக, வெளிறிய மஞ்சளில் ஒரு பயறு. துவரையும் இல்லை, மொச்சையும் இல்லை. விதைதான், சந்தேகமென்ன என்று வேப்பஞ்சாம்பலில் புரட்டி, மண்கலயத்தில் போட்டு, வாயைச் சாணியால் மெழுகிவிட்டாள். ஐப்பசியில் மழை விழுந்ததும் வீட்டுக்கு இருந்த ஒரே ஒரு குறுக்கம் நிலத்தில் பருத்திக்கு ஊடே ஊன்றியும் முடித்தாள். கொழுந்தன் எழுந்து நடமாடும்போது செடியைக் காட்டிச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று நினைத்திருந்தாள், பாவம்.

அண்ணனும் தம்பியுமாகக் கப்பலேறிப் போனவர்கள். ரப்பர் தோட்டத்தில் ரெண்டு பேரும் மரம் சீவிப் பால் எடுத்தார்கள். யுத்தம் வந்தது, சப்பான்காரன் வந்தான், சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டு போனான். அண்ணன் சந்தியாகு அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டான். யுத்தம் முடிந்த மறு வருஷம் தம்பி மட்டும் வந்தான். சந்தியாகு செத்த சேதி அவனுக்கு முன்னாலேயே ஊருக்கு வந்துவிட்டது. எப்படிச் செத்தான் என்பதுதான் வரவில்லை.

வராமலே இருந்திருக்கலாம். பந்தல்குடியில் உப்பு வாங்கப் போன இடத்தில், சயாமிலிருந்து திரும்பிய ஒருவன் லாரிக்காரர்களிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு பிடிச் சோற்றுக்கு ஆட்கள் அடித்துக்கொண்டதையும், வயிறு முதுகில் ஒட்டிப்போய்ச் செத்தவர்களைக் குழியில் தள்ளியதையும் சொன்னான். சூசையம்மாள் உப்பு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள். அன்றிலிருந்து கஞ்சிக் கலயத்தின் முன் உட்கார்ந்தால் அவளுக்குத் தொண்டைக்குள் இறங்காது. அவர் பசியோடுதான் செத்தாரா என்ற ஒரே கேள்வி கவளத்துக்குக் கவளம் குறுக்கே வந்து நிற்கும். ஆள் பாதியாகிவிட்டாள்.

கேட்கவேண்டிய ஆள் வீட்டுக்குள்ளேயே படுத்திருந்தான். கேட்டால் சொல்லிவிடுவானே என்ற பயத்தில் அவள் கேட்கவில்லை. அவனும் தானாகச் சொல்லவில்லை. வீட்டில் கம்புக்குப் பஞ்சம், அரிசிக்குப் பஞ்சம், அதோடு பேச்சுக்கும் பஞ்சம் வந்துவிட்டது.

காய்ச்சல் விட்டு எழுந்த செல்வதுரை முதல் காரியமாக அடுப்படி மூலையைத் துழாவினான்.

"மதினி, பையில இருந்த பயறு எங்க?"

"விதைச்சாச்சு தம்பி. நல்லா முளைச்சு வந்திருக்கு."

அவன் அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தான். கோபப்பட்டிருந்தாலாவது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அது விதைக்கக் கொண்டாந்தது இல்ல மதினி. உங்களுக்கு ஆக்கிக் குடுக்கக் கொண்டாந்தது. அண்ணன் சொல்லிவிட்டாக."

இதைச் சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கண்மாய்ப் பக்கம் போய்விட்டான். குரல் உடைவதை மதினி கேட்டுவிடக்கூடாதாம். ஆம்பளைகளின் ரோஷத்துக்கு நேரம் காலம் கிடையாது.

சூசையம்மாளுக்கு உயிரே போய்விட்டது. செத்துப்போன புருஷன் கடல் தாண்டிச் சொல்லியனுப்பிய ஒன்றைக் கொண்டுபோய் மண்ணுக்குள் புதைத்துவிட்டோமே என்று அன்று முழுக்க அழுதாள். மறுநாள் விடிந்ததும் காட்டுக்குப் போனவள்தான், பருத்தியை ஆண்டவர் பொறுப்பில் விட்டுவிட்டுப் பயற்றைக் கட்டிக்கொண்டாள். முயல் கடிக்காமல் முள் வெட்டி அடைத்தாள். பேச்சி வீட்டு ஆடு ஒருமுறை வாய் வைத்ததற்குப் பேச்சியோடு ஒரு வாரம் பேசவில்லை. மார்கழியில் மழை ஏமாற்றியபோது கண்மாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். பச்சைப் பிள்ளைக்குப் பால் புகட்டுகிற மாதிரி ஒவ்வொரு தூரிலும் குனிந்து ஊற்றுவதைப் பார்த்து, இவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

மாசியில் காய் முற்றியது. அடித்துப் புடைத்ததில், விதைத்ததைப் போலப் பல மடங்கு கண்டது. முந்தியில் கட்டிக்கொண்டு வந்து கொழுந்தன் முன்னால் கொட்டினாள். செல்வதுரை ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தான். பிறகு சிரித்தான். ஊர் திரும்பியபின் அவன் சிரித்து அன்றைக்குத்தான் அவள் பார்த்தாள். ஆண்டவரே, உமக்குத் தோத்திரம் என்று வாய்விட்டே சொன்னாள்.

தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை கறி கூடாது. அதற்கு இது சரியாக இருக்கும் என்று வெள்ளிக்கிழமையாகப் பார்த்துச் செல்வதுரை அடுப்படிக்குள் நுழைந்தான். முதல்நாளே பயற்றை ஊறப்போட்டிருந்தான். கல் உப்பைத் துணியில் முடிந்து, தண்ணீர் தெளித்து, ஒரு சட்டிக்கு மேலே தொங்கவிட்டிருந்தான். அதிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கசப்புத் தண்ணீர் இறங்கியிருந்தது. ஊறின பயற்றை ஆட்டுரலில் அரைத்துத் துணியில் பிழிந்தால், சொன்னால் நம்பமாட்டீர்கள், வெள்ளை வெளேரென்று பால்.

செல்வதுரை பயற்றில் பால் கறக்கிறான் என்ற செய்தி பேச்சியின் புண்ணியத்தால் அரை மணிக்குள் தெருவெல்லாம் போய்விட்டது. பிழிந்து மிஞ்சிய சக்கையை அவளே கேட்டு வாங்கித் தன் எருமைக்கு வைத்தாள். எருமை தின்றது என்பதில் அவளுக்கு ஒரு பெருமை.

பாலை அடிப்பிடிக்காமல் கிண்டிக் காய்ச்சி இறக்கி, கசப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தான். பால் திரிந்தது. ஐயோ கெட்டுப்போச்சே என்று சூசையம்மாள் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். அவன் பதறவில்லை. திரிந்ததை அள்ளித் துணி விரித்த ஓலைப்பெட்டியில் ஊற்றி, மூடி, மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தான். வெயில் சாயும்போது திறந்தால், தொட்டால் ஆடுகிற வெள்ளைக் கட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது. அதற்குப் பேர் டோஃபு என்றான். பேரைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்தது.

தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டுத் துண்டுகளை லேசாகச் சிவக்கவிட்டான். தனியாக ஒரு சட்டியில் சீசாவின் கறுப்புத் தண்ணீரை ஊற்றினான். கிச்சாப்பு என்று மலாயாவில் சொல்வார்களாம். இதே பயற்றை உப்பில் புளிக்கவைத்து இறக்குவதாம். அதில் இஞ்சியைத் தட்டிப் போட்டு, சீனிக்குப் பதிலாகக் கருப்பட்டி போட்டுக் கொதிக்கவிட்டான். மிளகாய் எங்கே, புளி எங்கே என்று அவள் கேட்டாள். ரெண்டும் கிடையாது என்றான். மிளகாய் போடாத குழம்பு ஒரு குழம்பா என்று அவளுக்கு நாக்கு நுனிவரைக்கும் வந்தது. கொழுந்தன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

குழம்பு சுண்டிப் பளபளவென்று வந்ததும் துண்டுகளின் மேல் ஊற்றி, வறுத்த எள்ளைத் தூவி, கிண்ணத்தை அவள் முன்னால் வைத்தான். அவள் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்தாள். மெல்ல வேலையே இல்லை. உப்பும் இனிப்புமாக, இஞ்சி மணத்தோடு நாக்கிலேயே கரைந்து போனது. நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு விள்ளல் எடுத்துக்கொண்டே, இந்தச் சீனச் சமையலை எங்கே படித்தாய் என்று சாதாரணமாகக் கேட்டாள்.

சீனர்களும் செய்வார்கள், ஆனால் இந்தக் குழம்பு சப்பான்காரன் வைக்கிறது என்றான் செல்வதுரை.

அவள் கை நின்றுவிட்டது. கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். தினம் ஜெபமாலை முடிந்தபின் சப்பான்காரன் குலம் வேரற்றுப் போகவேண்டும் என்று தனியாக ஒரு வேண்டுதல் வைக்கிறவள் அவள். சாமியாருக்குத் தெரிந்தால் பாவசங்கீர்த்தனத்தில் உலுக்கி எடுத்துவிடுவார். அப்படிப்பட்டவளுக்கு அவன் சோற்றையா ஊட்டுவது?

"எந்திரிச்சிராதீக மதினி. சொல்லிருதேன். இன்னைக்கு விட்டா என்னால சொல்ல முடியாது."

அவன் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ரயில் பாதைக் கூடாரத்தில் சப்பான் ஆபீசர்களுக்குச் சமைக்கிற கிழவர் ஒருவர் இருந்தார். அவரும் சப்பான்காரர்தான். முன்பல் ரெண்டு இருக்காது. சொந்த ஊரில் டோஃபு செய்து விற்றவர் என்று சைகையிலேயே சொல்வார். அண்ணனும் தம்பியும் அந்தச் சமையல் கொட்டகைக்குத் தண்ணீரும் விறகும் சுமந்தார்கள்; அவர் செய்வதைப் பார்த்துப் பார்த்தே கை பழகியது. பிறகு அண்ணனுக்கு வயிற்றுக்கடுப்பு கண்டது. சோறு தங்கவில்லை, கஞ்சியும் தங்கவில்லை. நோயாளிக் கொட்டகையில் போட்டார்கள். அங்கே போனவர்களுக்குச் சோற்றுப்படி கிடையாது.

கிழவர் தேடிக்கொண்டு வந்தார். தலைத்துண்டுக்குள் இதே டோஃபு வைத்த கிண்ணத்தை மறைத்துக்கொண்டு வந்தார். ஆபீசர் கண்ணில் ஒருநாள் பட்டுவிட்டது. எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கன்னத்தில் அறைந்தான். வீங்கிய கன்னத்தோடு மறுநாளும் கிண்ணம் வந்தது. அண்ணன் உடம்பில் தங்கியது அது ஒன்றுதான்.

இத்தனை நாள் தொண்டையில் கிடந்தது சூசையம்மாளை மீறி வெளியே வந்தது.

"அவுக பசியோட போகலையா தம்பி?"

"இல்ல மதினி. அன்னைக்கும் கிண்ணத்தை வழிச்சு நான்தான் ஊட்டினேன். முழுசாச் சாப்பிட்டாக. 'ஏலே, ஊருக்குப் போனா உன் மதினிக்கு இதை ஆக்கிக் குடு, மிளகாய் எங்கன்னு கேப்பா'ன்னு சொல்லிச் சிரிச்சாக. அப்படியே கண்ணசந்தாக. வயிறு நிறைஞ்சுதான் போனாக."

சூசையம்மாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். செல்வதுரையும் அழுதான், இந்த முறை கண்மாய்க்குப் போகவில்லை. எவ்வளவு நேரம் ஆயிற்றோ, அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு கிண்ணத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆறிப்போயிருந்தது. ஒரு துண்டு மிச்சமில்லாமல் தின்றாள். குழம்பை விரலால் வழித்தாள். அவள் இப்படிச் சாப்பிட்டு வருஷங்கள் ஆகியிருந்தன.

பொழுது இறங்கும்போது கோவிலில் சிலுவைப்பாதைக்கு மணி அடித்தது. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் அது முடிந்ததும், செத்தவர்களின் பேரைச் சொல்லி உபதேசியார் தங்கசாமி ஜெபம் சொல்லுவார். வழக்கமாகச் சந்தியாகுவின் பேரைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிற சூசையம்மாள் அன்று நகராமல் அவர் முன்னால் நின்றாள். இன்னொருத்தருக்கும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்றாள். அவர் பேர் கேட்டார், தெரியாது என்றாள். ஊர் கேட்டார், சப்பான் என்றாள்.

உபதேசியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் தாலியை அறுத்தவன் எந்த நாட்டுக்காரன் என்று அவருக்குத் தெரியாதா? வேதத்தில் சேர்ந்தவரா, உயிரோடு இருக்கிறாரா, செத்துவிட்டாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எதுவும் தெரியாது என்று தலையாட்டினாள்.

"எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான் உபதேசியாரே. என் வீட்டுக்காரருக்கு அவுக சோறு போட்டாக. அடி வாங்கிக்கிட்டுப் போட்டாக. இருந்தா நல்லா இருக்கட்டும். இல்லைன்னா அவுக ஆத்துமம் இளைப்பாறட்டும். பேரு நமக்குத் தெரியாட்டி என்ன, ஆண்டவருக்கு ஆளு தெரியும்."

உபதேசியார் சனங்களின் பக்கம் திரும்பி, சந்தியாகுவுக்காகவும், சந்தியாகுவுக்குச் சோறு போட்ட மனிதருக்காகவும் வேண்டிக்கொள்வோம் என்றார். என்ன ஏது என்று தெரியாமலே கோவில் முழுதும் முழங்காலில் நின்றது. யாருடைய சத்தத்தையும்விடச் சூசையம்மாளின் சத்தம்தான் அன்று பெரிதாகக் கேட்டது.