இரவல் கணவாய்

பொட்டலத்தைப் பிரித்தேன். தலையில்லாத கணவாய் ஒன்று, துவைத்து மடித்த தலையணை உறை மாதிரி வெள்ளை வெளேரென்று கிடந்தது. ஆய்வகக் கடிகாரத்தில் ஒன்பதே கால். பதினொன்றுக்கு விலங்கியல் செய்முறைத் தேர்வு. எனக்கு வந்த தலைப்பு, கடல் உயிர்களின் இரைபிடிக்கும் கரங்கள்: ஓர் ஒப்பீடு. கடல் சாமந்தியும் கடல் அட்டையும் துறையின் ஜாடிகளில் சில பேராசிரியர்களுக்கும் முன்பிருந்தே ஊறிக்கொண்டிருந்தன. கணவாயை மட்டும் மாணவரே புதிதாகக் கொண்டுவர வேண்டும். போன வருடம் இதே தேர்வில் தோற்றவன் நான். இந்தத் தடவையும் போனால் எம்.எஸ்ஸி. போச்சு.

காலையில் சந்தையில் மீன் விற்கும் ஜெயபாய் சேச்சி, கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தலை வேணுமா மக்ளே?" என்று ஒழுங்காகத்தான் கேட்டாள். வலியசாலை அக்ரஹாரத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு மீன் கடை முன்னால் நிற்பது அதுதான் முதல் தடவை. கணவாயின் கண்கள் இரண்டும் என் குலம் கோத்திரம் விசாரிப்பது போலப் பார்த்தன. "வேண்டாம் சேச்சி, நன்னா சுத்தம் பண்ணிக் குடுத்துடுங்கோ" என்றேன். கணவாயின் வகுப்புக்குப் பாடப்புத்தகத்தில் தலைக்காலி என்று பெயர். கையும் காலும் தலையிலேயே முளைத்திருக்கும். இதை இரண்டு வருடமாக விடைத்தாளில் படம் போட்டு எழுதியவன் சொன்ன பதில் அது.

சந்தைக்குத் திரும்ப ஓடினேன். கூடை காலி. வெட்டிய தலைகளைப் பூனைகள் எப்போதோ ஒப்பிட்டு முடித்திருந்தன.

"தலைலதான் பரீட்சையா?" என்றாள் சேச்சி. "சாமிமாரு வீட்டுப் பிள்ளை தலை வேண்டாங்குதே, பாவம் பயந்துட்டுன்னு நெனச்சேன்."

"பயந்துதான் போனேன் சேச்சி. இன்னிக்கு இது இல்லேன்னா நான் ஃபெயில்."

 அவள் பலகைக்கு அடியில் கையை நீட்டி, பனிக்கட்டி நிரப்பிய அலுமினியச் சட்டி ஒன்றை இழுத்தாள். உள்ளே முழுக் கணவாய்.

"எங்க வீட்டுக் கறிக்கு மாத்தி வச்சது. கொண்டு போ. மருந்துல முக்கப்படாது, அறுக்கப்படாது. மத்தியானம் சட்டியோட திரும்பி வரணும், கேட்டியா?"

தேர்வில் என் மேசைக்கு வந்த தேர்வாளர் இடுக்கியோடு கணவாய் மேல் குனிந்தபோது நான் நடுவில் கையை வைத்தேன்.

"சார், கை கழுவிட்டுத் தொடுங்கோ. இது இரவல்."

இந்தத் தொழிலில் அவர் பல ஸ்பெசிமன்களைப் பார்த்திருப்பார். இரவல் ஸ்பெசிமனைப் பார்த்ததில்லை போலும். போய்க் கை கழுவிவிட்டு வந்தார். எட்டுக் கரங்களை ஒதுக்கி, நீளமான இரண்டை மட்டும் வெளியே இழுத்துக் காட்டினேன். நுனியில் தட்டையான பட்டை, அது நிறைய உறிஞ்சிகள். எட்டிப் பிடிப்பது இந்த இரண்டு. அணைத்து வாய்க்குக் கொண்டுபோவது மற்ற எட்டு. கடல் சாமந்திக்கு உடம்புச் சுவரே நீண்டு கரமானது. கடல் அட்டைக்கு நடக்கிற குழாய்க்கால் உருமாறியது. கணவாய்க்கோ, நத்தை ஊர்ந்து போகிறதே, அந்தப் பாதத்தின் வழி வந்தது. ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பியடிக்கவில்லை. எங்கள் வகுப்பில் அப்படிச் சொல்ல முடியாது. தன்னிடம் இருந்ததை நீட்டி எட்டாததைப் பிடிக்க மூன்றும் தனித்தனியாகக் கற்றுக்கொண்டன. இதைச் சொல்லும்போது பலகைக்கு அடியில் போன ஒரு கை நினைவுக்கு வந்து, ஒரு வாக்கியம் தடுமாறிப் போயிற்று. அவர் அதைத் திருத்தாமல், பாஸ் என்று சொல்லி ரெக்கார்டில் கையெழுத்துப் போட்டார்.

ஒன்றே காலுக்குச் சட்டியை நீட்டினேன். சேச்சி கரங்களை விரித்து எண்ணினாள்.

"பத்தும் உண்டு. ஜெயிச்சியா?"

"ஜெயிச்சேன் சேச்சி."

"அப்ப இதுக்கும் பாதி மார்க்கு."

நன்றி என்ற சொல்லை வாயில் வைத்துப் பார்த்தேன். மைக் பிடித்துப் பேசுவது போலிருந்தது. விழுங்கிவிட்டு, கணவாயை நானே எடுத்து அவள் கையில் வைத்தேன். ஓர் உறிஞ்சி என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் இழுத்தாள். அது விடாமல், கொஞ்ச தூரம் என் விரலையும் கூட்டிக்கொண்டு போயிற்று.