ஒன்பதாவது வெடி

ஊரிகம் தங்கச் சுரங்கத்தில் பாறை வெடிக்கத் திரி கொளுத்துகிற வேலை ஏசுபாதத்துக்கு. கூட்டாளி காய்ச்சலில் ஊருக்குப் போனதிலிருந்து, அவர் ஒரே நாளில் இரண்டு ஷிப்ட் பார்க்க வேண்டியிருந்தது. ஞாயிறு ஆராதனை போயிற்று. வீட்டில் மனைவி இசபெல்லாவோடு முழங்கால் போட்டு ஜெபிப்பதும் நின்றுபோயிற்று. படுத்தால் விடிந்துவிடும்.

கடைசியில் அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு சந்து. திரி கொளுத்திவிட்டு சுரங்கவழி வளைவுக்குப் பின்னால் ஓடி ஒதுங்கி நிற்கிற நேரம். அதில் கண்ணை மூடி ஜெபம் பண்ணுவார். இரண்டு மாதமாக அப்படித்தான்.

அன்றைக்குப் பாறையில் ஒன்பது துளை. ஒன்பதிலும் வெடிமருந்து வைத்து, திரி கொளுத்தி, ஓடி வந்தார். வளைவில் மேஸ்திரி கோவிந்தனும் நான்கு சம்மட்டி ஆட்களும் மெழுகுவத்தியோடு குந்தியிருந்தார்கள். ஏசுபாதம் முழங்கால் போட்டார். மகள் மரியகுழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். "ஆண்டவரே, என் பிள்ளையைத் தொடும்" என்று ஆரம்பித்ததுதான் தெரியும். மலை அதிர்ந்தது, மண் உதிர்ந்தது, பிறகு அடங்கியது.

"இன்னா, ஒன்பதும் ஆச்சா?" என்றார் கோவிந்தன்.

வெடியை எண்ணுவது ஏசுபாதத்தின் பொறுப்பு. அவர் எண்ணவே இல்லை.

"தெர்ல மேஸ்திரி."

"தெர்லயா?"

"எட்டோ ஒன்பதோ. ஜெபத்துல இருந்துட்டேன்."

"யோவ், உன் சாமிய மேலயே வெச்சிட்டு வர்றதுதானே! ரெண்டு ஒண்ணா வெடிச்சிருக்கும். எழுந்திருங்கடா, புகை அடங்கற வரைக்கும் நிக்க நேரமில்ல, துரை மேல நின்னுக்கினு இருக்காரு."

ஆட்கள் சம்மட்டியைத் தூக்கினார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஏசுபாதத்துக்கு மானம் தப்பியிருக்கும். அவர் எழுந்து வழியை மறித்து இரண்டு கையையும் விரித்தார்.

"ஒண்ணு வெடிக்காம இருந்தா இனிமேகூட வெடிக்கும், அரை மணி பொறுக்கணும். தப்பு என்னுது. துரைகிட்ட நானே சொல்றேன்."

கோவிந்தன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஏசுபாதம் அசையவில்லை. "என்னைத் தள்ளிட்டுதான் போவணும்" என்றார்.

சம்மட்டி ஆள் பெருமாள் முதலில் உட்கார்ந்தான். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். மெழுகுவத்தி உருகியது. ஏசுபாதத்துக்கு ஜெபிக்கத் துணிவு வரவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

அரை மணி போனதும் தனியாக உள்ளே போனார். கல் குவியலைக் கையாலேயே விலக்கி, துளை ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பார்த்தார். ஓரத்துத் துளையில் திரி பாதியில் அணைந்து கிடந்தது. மருந்து அப்படியே இருந்தது. சம்மட்டியால் இரண்டு அடி போதும், ஐந்து பேரும் போயிருப்பார்கள்.

பின்னாலேயே வந்த கோவிந்தன் அதைப் பார்த்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "வெளிய வா, வேற திரி வெப்போம்" என்று மட்டும் சொன்னார்.

துரையிடம் ஏசுபாதம் மறைக்காமல் சொன்னார். தண்டனையாக அவரைப் பத்து நாள் கல் அள்ளப் போட்டார்கள். அதற்குள் மரியகுழந்தைக்குக் காய்ச்சல் விட்டது. இசபெல்லா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆண்டவருக்கு உங்க ஜெபம் மட்டுமில்ல, வெடியை எண்ற காதும் வேணும்னு வெச்சுக்குங்க" என்றாள்.

மறுபடி திரி வேலைக்கு வந்தபோது அவர் கண்ணைத் திறந்துகொண்டே நின்று, விரல் மடக்கி எண்ணினார். கடைசி வெடி கேட்டு, "எல்லாம் ஆச்சு மேஸ்திரி" என்ற பிறகுதான் முழங்கால் போட்டார். புகை அடங்கக் கால் மணி ஆகும். பெருமாள் ஏதோ கேட்க வாயெடுத்தான். கோவிந்தன் கையைக் காட்டி அவனை அடக்கினார்.