தங்கையாவின் பின்னால் போன பெஞ்சு

1951ஆம் ஆண்டு, சுங்கை ரம்பாய் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தின் கடைசி பெஞ்சு, பிள்ளைகளைச் சோதிக்க வந்த அதிகாரி தங்கையாவின் பின்னால் நடந்து போனது. தோட்டத்துக் கேட்டில் காவல் நின்ற மலாய்க் கான்ஸ்டபிள் அதை நிறுத்தி, அடியில் அரிசி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தான். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகள் கைக்குச் சேராதபடி முள்வேலிக்கு வெளியே சாப்பாட்டுப் பொருள் போகக் கூடாது என்பதுதான் அவசரகாலச் சட்டம்; பெஞ்சைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. விட்டுவிட்டான். பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரியநாயகிக்கும் அதில் ஆச்சரியம் இல்லை. காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்த வயிறு கொஞ்சம் குளிர்ந்தது, அவ்வளவுதான்.

அவள் ரப்பர் மரத்தில் பால் வெட்டுக்காரி. மகள் கமலவேணிக்குக் காதில் சீழ் வடிந்து, தோட்டத்து டிரசர் மருந்து விட்டும் செவி பாதி மங்கிவிட்டது. பக்கத்தில் நின்று சொன்னால் கேட்கும். கணக்கில் கெட்டிக்காரி. தங்கையா வருஷத்துக்கு ஒருமுறை போலீஸ் வண்டித் துணையோடு வருவார். காட்டுக்காரர்கள் ரோட்டில் சுட்டுவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு. மத்தியானத்துக்குள் திரும்பிவிட வேண்டும். அதனால் கேள்விகளை ஒரே தடவைதான், அதுவும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு வாசிப்பார். இரண்டு வருஷம் தவறிய பிள்ளைக்கு 'மந்தம்' என்று பெயர் வைத்துப் பள்ளியிலிருந்து நீக்கிவிடுவார்கள். அது புல் வெட்டப் போகும். ஒரே வாத்தியார் இருக்கிற பள்ளியில் மந்தங்களைக் கட்டிக்கொண்டு அழ முடியாது என்பது மேலிடத்தின் அபிப்பிராயம். வாத்தியார் சிவசாமி உயரமான பிள்ளைகளைப் பின்னால் உட்காரவைப்பவர். கமலவேணி நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். முதல் வருஷம் அப்படித்தான் போனது.

தோட்டத்தில் விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பிரட்டு என்று பெயர். பதில் குரல் கொடுக்காதவனுக்கு அன்றைக்கு வேலை கிடையாது. ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷினில் காதைத் தொலைத்தவர்களை மற்றவர்களே முன்வரிசைக்குத் தள்ளிவிடுவார்கள். தோட்டத்துத் துரைகூட அதை ஏன் என்று கேட்டதில்லை. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் என்று பெரியநாயகி நினைத்துவிட்டாள். இரண்டாம் வருஷச் சோதனையன்று யாரையும் கேட்காமல் மகளைக் கொண்டுபோய் முதல் பெஞ்சில் உட்காரவைத்தாள். தங்கையா அதைத் திருட்டுத்தனம் என்று எடுத்துக்கொண்டார்.

"கெட்டிக்காரப் பிள்ளையைப் பார்த்து எழுதவா இந்த ஏற்பாடு?"

"இல்ல சார். இவளுக்குக் காது மந்தம். கிட்டக்க இருந்தா கேக்கும்லா. பிரட்டுலகூட காது கேக்காதவங்கள முன்னாலதான் வுடுறாங்க."

"பிரட்டு வேற, பரீட்சை வேறம்மா. எல்லாருக்கும் ஒரே சட்டம். காது கேக்கலேன்னா என்ன, லாலாங் புல்லு வாயத் தொறந்து பேசாது. அங்க போகட்டும்."

கூட வந்த கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். கமலவேணி பின்னால் அனுப்பப்பட்டாள். சோதனை முடிந்ததும் தங்கையா அவள் பெயரை நீக்கச் சொன்னார். பெரியநாயகி கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து அதைக் கையால் ஒருமுறை தட்டினாள். "ஒரு நாளைக்கு நீங்க இதுல உக்காந்து கேட்டுப் பாருங்க சார்" என்றாள். பிறகு, "ஒரு நாள் பத்தாது" என்று எழுந்துகொண்டாள். அவர் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். பெஞ்சும் புறப்பட்டது.

தெங்கேராவில் தங்கையாவுக்கு நல்ல வீடு, நல்ல நாற்காலிகள். எதில் உட்காரப் போனாலும் பெஞ்சு முந்திவந்து முழங்காலுக்குப் பின்னால் இடித்தது. உட்கார்ந்தால், கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் ஒரு சத்தமும் கேட்காது. மனைவி சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடைசியில் தானே சாப்பிட்டுவிடுவாள். கோப்பிக் கடையில் கேட்டது ஒன்று, வந்தது ஒன்று. கோடரியால் பிளக்கப் பார்த்தார், கோடரிதான் மழுங்கியது. கடலில் தள்ளினார், அவருக்கு முன்னால் வீடு சேர்ந்து வாசலில் ஈரம் சொட்ட நின்றது. அந்த வருஷம் கல்வி இலாகாக் கூட்டத்தில் அவருடைய மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரை, எத்தனை பள்ளிகளைப் பார்த்தீர்கள் என்று கேட்டார். எல்லாம் உங்கள் தயவு என்று தங்கையா பதில் சொன்னார். துரை இரண்டாம் தடவை கேட்கவில்லை. லாரி டிரைவர் முனியாண்டி இதையெல்லாம் கொண்டுவந்து சொல்வான். "அந்த எடத்த இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே" என்று பெரியநாயகி கேட்டு வாங்குவாள்.

மறுமாதம் தங்கையா போலீஸ் துணைக்குக்கூடக் காத்திருக்காமல் தோட்டத்துக்கு வந்தார். பெரியநாயகி மரத்தைவிட்டுத் திரும்பவில்லை.

"இத திருப்பிக் கூப்பிட்டுக்கம்மா."

"நானா அனுப்பினேன்? அதுக்குக் கால் இருக்கு, வந்திருக்கு. மொதல்ல எம்புள்ளைய சோதிங்க. கிட்டக்க வச்சு."

அன்றைக்கே சோதித்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவருக்கும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால்தான் பதில் கேட்டது. கமலவேணி ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. பெயர் திரும்ப ஏறியது. தங்கையா பெருமூச்சு விட்டு எழுந்து நடந்தார். பின்னால் மரக்கால்கள் நடக்கும் சத்தம் கேட்டது.

"இன்னும் ஏன் வருது?"

"முத்தாயி மவன் புல்லு வெட்டுறான். அடுத்த தோட்டத்துல எத்தன பேரோ. அவங்களயும் கேட்டுட்டு வாங்க சார்" என்றாள். அவருக்கு அதில் நம்பிக்கை பிறந்தது. அதோடு பெஞ்சு விட்டுவிடும் என்று அவள் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை.

அவர் தோட்டம் தோட்டமாக அலைந்து, மந்தம் என்று தள்ளிய பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பக்கத்தில் நிறுத்திச் சோதித்தார். பலர் பள்ளிக்குத் திரும்பினார்கள். கண் தெரியாத ஒருவனுக்குக் கண்ணாடிகூட வாங்கிக் கொடுத்தார். பெஞ்சு எல்லா இடத்துக்கும் கூடவே போனது. செக்போஸ்டுகளில் அதற்குப் பழகி, நிறுத்துவதையே விட்டுவிட்டார்கள். அடுத்த கூட்டத்திலும் துரையின் கேள்விக்குத் தப்பான பதில் சொன்னதால், தங்கையாவுக்கு மந்தம் என்று பெயர் வைத்து, கரும்பலகைச் சாக்குக்கட்டி அடுக்கும் ஸ்டோருக்கு மாற்றினார்கள். அந்தச் செய்தி வந்த அன்று பெரியநாயகி பாயசம் வைத்தாள். "பாவம்டி அந்த மனுசன், போதும் வுட்டுரு" என்றான் அவள் புருஷன் அங்கமுத்து. அவனுக்குப் பாயசம் ஊற்றவில்லை.

சுதந்திரம் வந்தது. முள்வேலியைப் பிரித்து ஆளுக்கொரு துண்டாகக் கோழிக்கூட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். கமலவேணி படித்து முடித்து, பத்து பெரண்டாம் பக்கம் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அவசரகாலம் முடிந்த 1960இல், மகளைப் பார்க்கப் போன பெரியநாயகி தெங்கேராவில் பஸ்ஸைவிட்டு இறங்கினாள். நரைத்துப்போன தங்கையா வீட்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மறுகோடியில் பக்கத்து வீட்டுக்காரி மிளகாய் காயப்போட்டிருந்தாள். பெரியநாயகியை அடையாளம் கண்டதும் அவர் கும்பிட்டார்.

அவள் குனிந்து, கரையான் ஏதும் ஏறியிருக்கிறதா என்று பெஞ்சின் கால்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். வைரம் பாய்ந்த மரம், அவர் காலம் முழுக்கத் தாங்கும். பிறகு பாசார் சாத்துவதற்குள் மீன் வாங்கப் போனாள்.