இந்தக் கோடைக்கு மட்டும்

கல்மண்டபத்தில் இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை பார்க்கும் ரமாபாய், மதியச் சாப்பாடு முடிந்ததும் தவசிமுத்து அண்ணாச்சி கடைக்குப் போய் ஏதாவது குளிர்ச்சியாகக் குடித்துவிட்டு வருவாள். அன்று கத்திரி வெயில் மண்டையைப் பிளந்தது.

"யக்கா, புதுச் சரக்கு வந்திருக்கு. தர்பூசணி கலரு. இந்தக் கோடைக்கு மட்டும்தானாம், ஆடி பொறந்தா நிறுத்திருவானாம். குடிச்சுப் பாருங்க" என்று ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தார் அண்ணாச்சி.

இளஞ்சிவப்பாக இருந்தது. மூடியைத் திருகப் போனவள், லேபிளைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். தர்பூசணிப் பத்தையைக் கடித்துக்கொண்டு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் குடியிருப்பு மாடிப்படியில் உருண்டு விழுந்ததில் தாடையில் விழுந்த தழும்பு. சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் மேலேறும் உதடு. அவள் பெற்ற மகள் மகிழினி.

மகிழினி செத்துப்போய் இரண்டு வருஷமாகிறது.

"என்னக்கா, மயக்கமா வருதா? உக்காருங்க."

"அண்ணாச்சி, இந்தப் பொண்ணு யாரு?"

"யாராவது விளம்பரத்துக்கு நடிக்கிற பிள்ளையா இருக்கும்."

மகிழினி ஒரு மெக்கானிக் பையனை விரும்பி வீட்டை விட்டுப் போனவள். அவளைத் தன் ஆபீஸ் நண்பரின் மகனுக்கு என்று வாக்குக் கொடுத்திருந்தான் அப்பா பீம்ராவ். அவனுக்குத் துறைமுகத்தில் கிளார்க் வேலை. மகளும் அந்தப் பையனும் பம்பாய்க்குப் போய்விட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். ஓரிரு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் பீம்ராவ் முகம் செத்து வந்து நின்றான். ஆபீஸுக்கு போன் வந்ததாம். மஞ்சள் காமாலையாம். அங்கேயே எரித்துவிட்டார்களாம். போட்டோவுக்கு மாலை போட்டார்கள். புத்த விகாரையில் பஞ்சசீலம் சொல்லி வணங்கினார்கள்.

பழைய படமாக இருக்குமோ? இல்லை. பாட்டிலில் இருந்தவளுக்கு முடி தோளோடு வெட்டியிருந்தது. கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. கழுத்தில் ஒரு சின்ன சிலுவை. இதெல்லாம் ரமாபாய் பார்த்தே இராதவை.

"கம்பெனி எங்க கீதுன்னு போட்டுக்கீறானா அண்ணாச்சி?"

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "மணலி புதுநகர்னு போட்டிருக்கு."

ஷெட்டுக்குத் திரும்பவில்லை. இறால் வாடை போகாத கையோடு பஸ் ஏறினாள். பாட்டிலைத் திறக்காமல் மடியிலேயே வைத்திருந்தாள். திருவொற்றியூர் தாண்டும்போது பக்கத்து சீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துபோனதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

கம்பெனி கேட்டில் நீலமேகம் என்ற வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். பாட்டிலை நீட்டி, "இது யாரு?" என்றாள்.

"இதுவா? நம்ம மகிழினி. மிசினு பாக்குற அருள்பிரகாசத்தோட சம்சாரம். லேபிள் ஒட்டுற எடத்துல வேலை. வெளியாள வெச்சி போட்டோ புடிச்சா செலவுன்னு மொதலாளி இத்தையே நிக்க வெச்சிட்டாரு. உள்ளதான் கீது. நீ யாரு?"

அம்மா என்று சொல்ல வாய் வரவில்லை. "வூட்டாண்டேர்ந்து வரேன்" என்றாள்.

தலையில் துணித் தொப்பியோடு மகிழினி வெளியே வந்தாள். ரமாபாயைப் பார்த்ததும் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ரமாபாய் கையை நீட்டி மகளின் தாடையைத் தொட்டாள். சூடாக இருந்தது.

"இன்னாத்துக்கும்மா இப்ப வந்தே?" மகிழினியின் குரல் உடைந்தது. "என் மூஞ்சில முழிக்கவே மாட்டேன்னு சத்தியம் பண்ணியாமே."

"யாரு சொன்னது?"

"நைனாதான். மாசமா இருக்கசொல்ல அவரு ஆபீஸாண்ட போய் நின்னேன். உங்கம்மா உன்னை தலைமுழுகிட்டா, வூட்டுப் பக்கம் வந்தா மண்ணெண்ண ஊத்திக்குவேன்றா, அப்டின்னாரு. அதான் வரல."

ரமாபாய் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எம்மே, நீ செத்துட்டேன்னு சொன்னான்டி அந்த ஆளு. உன் போட்டோவுக்கு மாலை போட்டு வெச்சிகினு கீறேன்."

மகிழினி முதலில் சிரிக்கப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவளும் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்தாள். நீலமேகம் பதறிப்போய் தண்ணீர் கொண்டுவர ஓடினார்.

சாயங்காலம் இருவரும் புளியந்தோப்புக் குடியிருப்பின் படியேறினார்கள். எதிரே குடத்தோடு இறங்கி வந்த வரலட்சுமி, மகிழினியைப் பார்த்ததும் குடத்தைப் போட்டுவிட்டு அலறினாள். கதவுகள் படபடவென்று திறந்தன. "ஐயோ, மகியா? நெசமாவா?" என்று யாரோ அவள் கையைக் கிள்ளிப் பார்த்தார்கள்.

சத்தம் கேட்டு வெளியே வந்த பீம்ராவ், வாசலிலேயே நின்றுவிட்டான். அவன் கண்கள் மகளிடமிருந்து மனைவிக்குப் போயின. பொய் சொல்லக்கூட அவனுக்குத் தெம்பு இல்லை.

"நீ தெனம் வாசலையே பாத்துகினு கெடந்த, ரமா. சோறு துன்னல, தூங்கல. ஆபீஸ்ல சம்பந்தம் பேசுனவன் மூஞ்சில முழிக்க முடியாம நான் ஒரு பக்கம் செத்துகினு இருந்தேன். அவ செத்துப் பூட்டான்னு சொன்னா, நீ ஒரேடியா அழுது முடிச்சிருவேன்னு நெனச்சேன்."

"முடிச்சேனா?"

அவள் அவன் எதிரே போய் நின்றாள்.

"நான் மார்ல அடிச்சிகினு அழுவசொல்ல என் தலையத் தடவிக் குடுத்தியே. அந்தக் கை எப்டிய்யா வந்துச்சு உனக்கு?"

ரமாபாய் உள்ளே போய், சுவரிலிருந்த மகளின் படத்தைக் கழற்றினாள். மாலையை உருவித் தரையில் போட்டாள். இரண்டு புடவையைப் பையில் திணித்துக்கொண்டு மகளோடு படியிறங்கிப் போய்விட்டாள்.

மணலி புதுநகரில் மகள் வீட்டில் அவளுக்கு ஒரு பேத்தி இருந்தாள். கண்ட நாளிலேயே மடியேறிக்கொண்ட குழந்தை. ரமாபாய் அங்கிருந்தே கல்மண்டபத்துக்கு வேலைக்குப் போய்வந்தாள். இரவுகளில் திடுக்கிட்டு எழுந்து, தூங்கும் மகளின் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பீம்ராவ் வந்தான். அருள்பிரகாசம் நாற்காலி எடுத்துப் போட்டான். ரமாபாய் அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவில்லை. அடுத்த ஞாயிறும் வந்தான். குழந்தை அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து ரமாபாய் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து அவன் எதிரே நின்றாள்.

"போன் வந்துச்சுன்னியே. அன்னிக்கு ஆபீஸ்ல யார்னா நெசமாவே போன் பண்ணாங்களா? ஆள் மாத்தி, தப்பா கிப்பா?"

"இல்ல" என்றான் பீம்ராவ்.

அவள் சொம்பை அவன் முன்னால் வைத்தாள்.

"சரி. தண்ணி குடி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.